காந்தம் ஒட்டுற டப்பா டூப்ளிகேட்டா? நாலாங்கிளாஸ் பசங்க கேக்குறாங்க

நாலாப்பு டீச்சர்:
வணக்கம். கிளாஸ்ல காந்தம் பாடம் ஓடுது. உலோகம்னாலே ஒட்டும்னு பசங்க ஒரு முடிவோட இருக்காங்க, சரி நீங்களே ஒட்டிப் பாருங்கன்னு விட்டேன், ஒருத்தியோட சாப்பாட்டு டப்பா டக்குனு பிடிச்சுக்குச்சு, பக்கத்துப் பையன் டப்பா ஒட்டவே மாட்டேங்குது, ரெண்டுமே பளபளன்னு எவர்சில்வர்தான். "டீச்சர் அவ டப்பா டூப்ளிகேட்டா?"ன்னு அவன் கேக்க, அவ முகம் சுண்டிப்போச்சு. கடைக்காரங்களும் ஒட்டாததுதான் ஒரிஜினல்னுதானே சொல்றாங்க? நான் என்ன சொல்ல? இருக்குற ரெண்டு சட்டக் காந்தமும் வேற சோப்ளாங்கி, குண்டூசியக்கூட ஒழுங்கா தூக்காது.

பட்டறைக்காரன்:
டூப்ளிகேட்டெல்லாம் இல்ல டீச்சர். எவர்சில்வர்ல பெரும்பங்கு இரும்புதான். 304ங்குற ரகத்துல குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் வரும், நிக்கல் அவ்ளோ சேர்ந்தா உள்ள அணு அடுக்கே மாறிடும், அதான் ஒட்டாது. 430ல நிக்கல் பேருக்குத்தான், அது ஒட்டும். ஆனா மாங்கனீசு போட்டு மலிவா வர்ற 200 வரிசையும் ஒட்டாது, அப்புறம் காந்தத்த வெச்சு என்ன தரம் பாக்குறது? இன்டக்‌ஷன் அடுப்புக்கு ஒட்டுற பாத்திரம்தான் வேணும், அந்தப் பாப்பாகிட்ட அத சொல்லுங்க. அந்தப் பையன் டப்பாவையும் அடி மடங்குற மூலைல வெச்சுப் பாருங்க, 304ஆ இருந்தா அழுத்தி இழுத்த இடத்துல லேசா பிடிக்கும்.

ரிடையர்டு ஹெச்எம்:
அணு அடுக்கு கதையெல்லாம் நாலாப்புக்கு வேணாம்பா. இரும்பு, நிக்கல், கோபால்ட் ஒட்டும், கலவைன்னா ஒட்டிப் பாத்துதான் சொல்லணும், இந்த வயசுக்கு அது போதும். அம்மா, நீங்க சில்லறை காசு கொண்டு போங்க. ஒட்டுமா ஒட்டாதான்னு முதல்ல சிலேட்டுல எழுதச் சொல்லுங்க, எழுதாம தொடவே விடாதீங்க, தொட்டுட்டா எல்லாரும் "நான் அப்பவே சொன்னேன்"னுவாங்க! இப்ப வர்ற 1 ரூபா, 2 ரூபா ஒட்டும், மஞ்சள் 5 ரூபா ஒட்டாது, கிளாஸே ரெண்டாயிடும். செம்புக் கம்பி, அலுமினிய கரண்டி, பித்தளை சாவி, எல்லாம் உலோகம், எதுவும் ஒட்டாது. காந்தத்துக்கு ரேடியோ ரிப்பேர் கடையில பழைய ஸ்பீக்கர் கேளுங்க, சும்மாவே குடுப்பாங்க. அத பாலிதீன் கவர்ல போட்டு கிரவுண்டு மண்ணுல இழுங்க, மண்ணுல இருக்குற இரும்புத் துகள் கருப்பா மீசை மாதிரி ஒட்டும், கவர உள்பக்கம் வெளிய திருப்பினா அவ்ளோவும் கையில. கவர் இல்லாம இழுத்தீங்க, அந்தப் பொடிய எடுத்து முடியாது.

லேப் அக்கா:
சட்டக் காந்தத்த கீழ போட்டா, சூடு பட்டா வீக் ஆயிடும். ரெண்டையும் எதிர் துருவம் பக்கத்துல பக்கத்துல வர்ற மாதிரி வெச்சு ரெண்டு முனையிலயும் இரும்புத் துண்டு போட்டு வைங்க. ஒரு விஷயம், ஆன்லைன்ல வர்ற குட்டி உருண்டை காந்தம் மட்டும் ஸ்கூல் பக்கமே வேணாம், குழந்தை ரெண்டு முழுங்கிட்டா குடலோட ரெண்டு பக்கத்துலருந்தும் இழுத்து ஓட்டையே போட்டுடும்.

நாலாப்பு டீச்சர்:
ஸ்பீக்கர் கிடைச்சிடுச்சு, ரொம்ப நன்றிங்க! ஆனா இது வளையமா இருக்கே, வடக்கு தெற்கு எங்க?

பட்டறைக்காரன்:
தட்டையா இருக்குற ரெண்டு முகம்தான் துருவம். நூல்ல கட்டி வளையம் செங்குத்தா நிக்குற மாதிரி தொங்கவிடுங்க, வடக்கப் பாத்து நிக்குற முகம் வடதுருவம். இரும்பு பீரோ பக்கத்துல வேணாம், அதப் பாத்து திரும்பிக்கும்.