பி12 ஊசி போட்டாச்சு, ரிப்போர்ட் 'நார்மல்', வயிறும் காலும் அப்படியே இருக்கு

அம்பைக்காரன்:

மதினிக்காகக் கேக்கேன். வயசு 38, சைவம், முட்டையும் கிடையாது. எட்டு மாசமா தினம் நாலு தடவை வயித்தால போகுது, 6 கிலோ எறங்கிட்டு. ரெண்டு உள்ளங்காலும் மதமதப்பு. ஊசிக்கு முன்னால எடுத்த ரிப்போர்ட்: ஹீமோகுளோபின் 9.2, எம்சிவி (சிவப்பணுவோட சராசரி அளவு) 86, ஆர்டிடபிள்யூ (சிவப்பணுக்களோட அளவு வித்தியாசம்) 19, பெரிட்டின் (சேமிப்புல உள்ள இரும்பு) 8, பி12 138, விட்டமின் டி 11. மூணு டாக்டர் பாத்தாச்சு. ஒருத்தர் கேஸ்னு அமிலம் குறைக்க பான்டோப்ரசோல் 40, ஒருத்தர் டென்ஷன்னு தூக்க மாத்திரை, மூணாமவர் மெத்தில்கோபாலமின்ங்கிற பி12 ஊசி 5. ஊசி முடிஞ்சு எடுத்ததுல பி12 2000க்கு மேல. "எல்லாம் நார்மல், சைவச் சாப்பாட்டால வந்தது, எம்சிவியும் சரியா இருக்கு"ன்னு முடிச்சிட்டாவ. இப்ப எந்த டெஸ்ட்டை நம்பலாம்? அடுத்த தடவை என்ன கொண்டு போனா பேச்சு நகரும்?

பரிசோதனைக்குழாய்:

அண்ணாச்சி, முதல்ல அந்த எம்சிவி. அது வெறும் சராசரி. இரும்பு குறைஞ்சா சிவப்பணு சிறுக்கும், பி12 குறைஞ்சா பெருக்கும். ரெண்டும் சேர்ந்து குறைஞ்சா சிறுசும் பெருசும் கலந்து கிடக்கும், சராசரி 86ல வந்து நிக்கும். காட்டிக்கொடுக்கது பக்கத்து வரியில இருக்க ஆர்டிடபிள்யூதான். 14, 15க்குள்ள இருக்க வேண்டியது 19ல நிக்குன்னா அணுக்கள் ஒண்ணுக்கொண்ணு அளவே ஒத்துப்போகல. பெரிபெரல் ஸ்மியர் (ரத்தத்துளியைக் கண்ணாடியில தேய்ச்சு மைக்ராஸ்கோப்ல பாக்கது) பாக்கச் சொல்லுங்க. வெள்ளணுவோட உட்கரு ஆறு துண்டா பிரிஞ்சு தெரிஞ்சா பி12 இல்லன்னா ஃபோலேட் குறைவுன்னு பெரும்பாலும் எடுத்துக்கிடலாம்.

ஊசிக்குப் பிறகு 2000ன்னு வந்தா ஊசி உள்ள போயிருக்குன்னு மட்டும்தான் தெரியும். ஊசி மருந்து குடல் பக்கமே போகாதுல்லா, பிறகு குடல் உறிஞ்சுதா இல்லையான்னு அது எப்படிச் சொல்லும்? அதனால 138ன்னு இருக்க பழைய தாளைத் தொலைச்சிராதீங்க, இனிமே அந்த எண் கிடைக்காது. ஹோமோசிஸ்டீனுக்கும் (பி12 குறைஞ்சா ரத்தத்துல ஏறுற பொருள்) இப்ப காசைக் கரைக்க வேண்டாம். ஊசி போட்ட ஒண்ணு ரெண்டு வாரத்துலயே அது எறங்கிரும். போதாததுக்கு, ரத்தம் எடுத்து ஐஸ்ல வைக்காம, சீக்கிரம் பிரிக்காம விட்டா பொய்யா ஏறியும் காட்டும். கலெக்‌ஷன் சென்டர்ல எடுத்து சாயங்காலம் பஸ்ல அனுப்புற ஊர்கள்ல இது அடிக்கடி நடக்கு.

இன்ட்ரின்சிக் ஃபேக்டர் ஆன்டிபாடி (பி12 உறிஞ்ச உதவுற இரைப்பைப் புரதத்தை உடம்பே எதிர்க்குதான்னு பாக்குற ரத்த டெஸ்ட்) எடுக்கலாம். கடைசி ஊசியில இருந்து ரெண்டு வாரம் தள்ளி எடுங்க, இல்லன்னா ரத்தத்துல நிறைஞ்சு கிடக்க பி12ஏ சில மெஷின்கள்ல பொய்யா பாசிட்டிவ் காட்டும். நிஜமா பாசிட்டிவ்னா பெர்னீஷியஸ் அனீமியா (அந்தப் புரதம் இல்லாம பி12 உறிஞ்ச முடியாம வர்ற ரத்தசோகை) ஏறக்குறைய உறுதி. நெகட்டிவ்னா ஒண்ணும் சொல்ல முடியாது, அந்த நோய் இருக்கவங்கள்லயே பாதிப் பேருக்குத்தான் அது தெரியும்.

சிறுகுடல்:

சைவத்தால பி12 குறையும், அது மெய்தான். ஆனா 6 கிலோ எறங்குனதுக்கும் பெரிட்டின் 8க்கும் நாலு தடவை போறதுக்கும் சைவம் எப்படி காரணமாகும்? தீட்டு அதிகமா போகுதான்னு ஒரு கேள்வி கேட்டுக்கிடுங்க, இரும்புக்கு அது தனிக் காரணமா இருக்கலாம். அதைத் தள்ளிட்டா, எது எங்க உறிஞ்சப்படுதுன்னு பாத்தாலே பாதி விடை கிடைக்கும். இரும்பு இரைப்பைக்கு அடுத்த டியோடினத்துல, ஃபோலேட் அதுக்குக் கீழே, பி12 சிறுகுடலோட கடைசி முனையில. மேல் முனையும் கீழ் முனையும் ஒண்ணா அடிவாங்கியிருக்குன்னா ஒண்ணு குடல் முழுக்கப் பழுது, இல்ல ரெண்டு காரணம் சேர்ந்திருக்கு.

நம்ம பக்கம் யோசிக்க வேண்டியது: சீலியாக் (கோதுமை ஒத்துக்காம சிறுகுடல் கெடுறது), டிராபிகல் ஸ்ப்ரூ (வெப்ப நாடுகள்ல வர்ற உறிஞ்சல் கோளாறு), ஜியார்டியா (குடல் ஒட்டுண்ணி), சிறுகுடல் முடிவுல வர்ற டிபி, கிரோன்ஸ் (குடல் அழற்சி நோய்). டிராபிகல் ஸ்ப்ரூ பழைய புத்தக நோய்னு ஒதுக்க முடியாது. 1960கள்ல வேலூர் சுத்துவட்டாரக் கிராமங்கள்ல கொள்ளைநோய் மாதிரியே பரவினது அது. கண்டுபிடிச்சா ஃபோலிக் ஆசிடும் டெட்ராசைக்ளின் வகை மருந்தும் சில மாசம் குடுத்துக் குணமாக்கலாம்.

கேக்க வேண்டிய டெஸ்ட்: டிடிஜி ஐஜிஏ (சீலியாக்குக்கான ரத்த டெஸ்ட்), கூடவே மொத்த ஐஜிஏ (மொத்தமே குறைவா இருந்தா முதல் டெஸ்ட் பொய்யா நெகட்டிவ் வரும்). மலத்தை வேற வேற நாள்ல மூணு தடவை, ஒட்டுண்ணி இருக்கான்னு. மலத்துல கால்ப்ரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டுறது), இது ஏறியிருந்தா டென்ஷன் கதை நிக்காது, ஆனா டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை சாப்பிட்டாலும் ஏறும். எண்டோஸ்கோபி பண்ணுனா டியோடினத்துல நாலு துண்டாவது பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கது) எடுக்கணும், பாக்க நல்லா இருந்தாலும். "நார்மல் எண்டோஸ்கோபி"ன்னு வர்ற பல ரிப்போர்ட்ல பயாப்ஸியே இருக்காது. கொலோனோஸ்கோபின்னா டெர்மினல் இலியம் (சிறுகுடலோட கடைசி முனை) வரைக்கும் போய்ப் பாத்ததா எழுதியிருக்கணும்.

சீலியாக்ல இன்னொண்ணு. அரிசிச் சோறு வீட்டுல கோதுமை கொஞ்சம்தான் உள்ள போகும், டெஸ்ட் நெகட்டிவ் வந்தாலும் வரும். டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு, ஆறு வாரம் தினம் ரெண்டு சப்பாத்தி சாப்பிட்டு எடுத்தா நம்பலாம். யாரோ சொன்னாங்கன்னு முன்கூட்டியே கோதுமையை நிறுத்துனா நோய் இருந்தும் தெரியாமப் போயிரும். உறுதியான பிறகுதான் புரோட்டா, ரவை, சேமியாவை நிறுத்தணும், கூட்டுப் பெருங்காயத்துலயும் மைதா சேர்ப்பாங்கன்னு பாக்கணும். நம்ம அல்வாவும் கோதுமைப் பால்தான், அதுவும் கிடையாது.

இயற்கைவழி:

பழைய சோத்துத் தண்ணியில பி12 நிறைய இருக்கு. ஊசியே தேவைப்படாதே?

மருந்துச்சீட்டு:

இல்லங்க. புளிக்கவச்ச சோத்துலயும் இட்லி மாவுலயும் நம்பி இருக்குற அளவுக்கு பி12 கிடையாது. முருங்கைக்கீரையில சுத்தமா இல்ல. சைவத்துல பால், தயிர், மோர்தான். 100 மில்லி பால்ல அரை மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் கீழ, ஒரு நாளைக்கு வேண்டியது 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல. வயித்தால போறப்ப பால் ஒத்துக்கலன்னா மோர் பழகும். ஆனா உறிஞ்சலே கோளாறுன்னா எதைச் சாப்பிட்டாலும் ஓட்டைப் பானைதான்.

அஞ்சு ஊசியோட நிறுத்துனது தப்பு. நரம்பு மதமதப்பு இருந்தா 1000 மைக்ரோகிராம் ஒருநாள் விட்டு ஒருநாள் ரெண்டு வாரமாவது போகணும், பிறகு மாசம் ஒண்ணோ ரெண்டு மாசத்துக்கு ஒண்ணோ. காரணம் தீராத நோய்னா ஆயுசுக்கும். ஊசி பிடிக்காதவங்களுக்கு தினம் 1000 முதல் 2000 மைக்ரோகிராம் மாத்திரையும் வேலை செய்யும். உறிஞ்சுற வழி அடைஞ்சிருந்தாலும் நூத்துல ஒரு பங்கு தானா உள்ள கசியும்.

இரும்பு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள், வெறும் வயித்துல, எலுமிச்சைத் தண்ணியோட. டீ காபி ஒரு மணி நேரம் கழிச்சு. கால்சியம் மாத்திரை வேற வேளைக்கு. பான்டோப்ரசோல் காரணமில்லாம ஓடிட்டு இருந்தா அதை நிறுத்தலாமான்னு கேளுங்க, அது இரும்பு, பி12 ரெண்டும் உறிஞ்சுறதைக் குறைக்கும். மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். தார் மாதிரி ஒட்டி நாத்தமடிச்சா அது ரத்தம்.

விட்டமின் டி 60,000 பாக்கெட் வாரம் ஒண்ணு, எட்டு வாரம். கொழுப்போட சாப்பிட்டாதான் பிடிக்கும், தேங்காப்பால் சொதி வைக்கிற நாள் பாத்துக் குடிக்கட்டும். மருந்துக்கடை கவுன்டர்ல நாங்க பாக்குற மோசமான தப்பு, வாரத்துக்கு எழுதினதைத் தினமும் குடிக்கிறது. கால்சியம் ஏறி வாந்தி, ஓயாத மூத்திரம், கடைசியில கிட்னி.

தாமிரபரணிக்கரை:

டாக்டர் முன்னால எட்டு மாசக் கதையைச் சொன்னா அஞ்சு நிமிஷம் போயிரும். ஒரே தாள் கொண்டு போங்க. மேல மாசவாரி எடை. அடுத்து மலம்: எத்தனை தடவை, ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்புதா, எண்ணெய் மிதக்குதா. ராத்திரி எழுப்புறதை மட்டும் விட்டுராதீங்க, டென்ஷன் வயிறு பெரும்பாலும் தூங்கவிடும். பிறகு ரிப்போர்ட் எண்கள் தேதியோட, ஊசிக்கு முன், பின்னுன்னு பிரிச்சு. மாத்திரைப் பெயர், ஆரம்பிச்ச தேதி. கடைசியில ரெண்டே கேள்வி: "இரும்பும் பி12ம் சேர்ந்து குறைய ஒரே காரணம் உண்டா? எண்டோஸ்கோபியில பயாப்ஸி எடுப்பீங்களா?" இதுக்கு யாரும் கோவிச்சுக்கிட மாட்டாவ.

பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரின்னா முதல்ல மெடிசின் ஓபி, அங்கேருந்து காஸ்ட்ரோவுக்கு (வயிறு, குடல் பிரிவு) எழுதி வாங்கணும். காப்பீட்டு அட்டையும் பழைய ரிப்போர்ட் ஜெராக்ஸ் ரெண்டு செட்டும் கையில இருக்கட்டும், ஒரிஜினலைக் குடுத்துராதீங்க. முகம் கழுவக் கண்ணை மூடினா தள்ளாடுது, நடை தடுமாறுது, காய்ச்சல், மலத்துல ரத்தம்னா ஓபி நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அம்பைக்காரன்:

நன்றி அண்ணாச்சி. வீட்டுல கோதுமை சனிக்கிழமை மட்டும்தான். ராத்திரியும் ரெண்டு தடவை எழும்புதாவ, அதை இதுவரை யார்கிட்டயும் சொல்லல. சுகாதார நிலையத்துல குடுத்த இரும்பு மாத்திரையில ஃபோலிக் ஆசிடும் இருக்கு, சாப்பிடலாமா?

மருந்துச்சீட்டு:

அதுல 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். பி12 ஊசி ஓடிட்டு இருக்கப்ப தாராளமா. பி12 இல்லாம ஃபோலிக் ஆசிட் மட்டும் போனா ரத்தம் ஏறும், நரம்பு கெட்டுக்கிட்டே போகும். ஆறாவது ஊசியை இந்த வாரமே கேட்டு வாங்குங்க.