கொரில்லா பார்க்கக் கட்டும் பணம் காட்டோரத்து மக்களுக்குப் போகிறதா?

பச்சைக்கிளை (கேள்வி):
உகாண்டாவின் ப்விண்டி மழைக்காட்டுக்கு மலைக் கொரில்லாக்களைப் பார்க்கப் போக நானும் தங்கையும் பணம் சேர்த்து வருகிறோம். பெர்மிட் மட்டுமே ஒருவருக்கு நூற்றுக்கணக்கான டாலர், அதுவும் ஒரே ஒரு மணி நேரத்துக்கு. ஆனால் என்னை உறுத்துவது வேறு. 1991-இல் அந்தக் காட்டைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது, அங்கே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த பட்வா மக்களை வெளியேற்றிவிட்டார்கள் என்று படித்தேன். அவர்கள் நுழைய முடியாத காட்டுக்குள் நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு போவது சரியா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நடைவழி:
நான் போய் வந்து மூன்று வருடம் ஆகிறது. போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள்.

முதலில் அந்த ஒரு மணி நேரம். வழிகாட்டி எங்களுக்கு ஒரு கூட்டைக் காட்டினார். கொரில்லா ஒவ்வொரு இரவும் புதிதாகக் கட்டிக்கொள்ளுமாம். செடிகளை மடக்கி அமுக்கிய மெத்தை, நடுவில் உடம்பு அழுந்திய பள்ளம், ஓரத்தில் கழிவு. அந்தக் கழிவில் கிடைக்கும் டி.என்.ஏ.வை வைத்துத்தான் எண்ணிக்கை எடுக்கிறார்கள். மலைக் கொரில்லா உலகத்தில் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம். நமக்கு வரும் சாதாரணச் சளி அவற்றைக் கொன்றுவிடலாம். 1996-இல் ஒரு கூட்டத்துக்கே சிரங்கு வந்து குட்டி ஒன்று இறந்தது. வயலில் சோளக்கொல்லை பொம்மைக்குப் போட்ட பழைய துணியிலிருந்து தொற்றியிருக்கலாம் என்றார்கள். அதற்குச் சிகிச்சை கொடுத்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா, பக்கத்து ஊர் மக்களின் உடம்பைக் கவனிக்காமல் கொரில்லாவைக் காப்பாற்ற முடியாது என்று அதற்காகவே பிறகு ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதனால்தான் இத்தனை கெடுபிடி: கூட்டத்துக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், முன்பு 7 மீட்டர் தூரம், கொரோனாவுக்குப் பிறகு 10.

பணத்தைப் பற்றி. 20 சதவீதம் ஊர்களுக்குப் போகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அது பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம், பெர்மிட் தொகையில் அல்ல. பெர்மிட்டிலிருந்து தனியாக 10 டாலர் போகிறது, அவ்வளவுதான். அதுவும் பெரும்பாலும் பள்ளிக்கூடம், ரோடு என்று நிலம் வைத்திருப்பவர்களின் ஊருக்கே போய்ச் சேர்கிறது. பெரும்பாலான பட்வாக்களுக்கு நிலமே இல்லையே!

எங்கள் சுற்றுலா நிறுவனம் மாலையில் ‘பட்வா நடனம்’ ஏற்பாடு செய்தது. இருபது நிமிடம் ஆடினார்கள். நிறுவனத்து ஆள்தான் காசை வாங்கினார். ஆடிய பெண்களுக்கு எவ்வளவு என்று கேட்டேன், பதிலே வரவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

என் பையைத் தூக்கி வந்தவர் பக்கத்து ஊர்க்காரர். சரிவில் முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டேன், இரண்டு கையையும் பிடித்து இழுத்தார். ஷூ மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது, அதையும் தோண்டி எடுத்துக் கொடுத்தார். அந்தப் பயணத்தில் நான் செலவழித்த பணத்தில், யார் கைக்குப் போனது என்று கண்ணால் பார்த்தது அவருக்குக் கொடுத்ததை மட்டும்தான்.

ஆற்றோரம்:
சுற்றுலா இல்லாவிட்டால் அந்தக் காடு இந்நேரம் வயலாகியிருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை மட்டும் நம்பவும் முடியாது. 2020-இல் பயணிகள் வரத்து நின்றதும் கள்ள வேட்டை கூடியது. அந்த ஜூனில்தான் ரஃபிக்கி என்ற வெள்ளிமுதுகு ஆண் கொரில்லா, ஒரு கூட்டத்தின் தலைவன், ஈட்டி பாய்ந்து செத்தது. குற்றவாளிக்கு 11 ஆண்டு சிறை.

1994 முதல் சில பகுதிகளில் ஊர்க்காரர்கள் தேன்பெட்டி வைக்கவும் மூலிகையும் கூடை முடையக் கொடியும் எடுக்கவும் அனுமதி உண்டு. டாலர் வராத வருடத்திலும் கைகொடுப்பது அந்த மாதிரி உரிமைதான். 2021-இல் அரசியல் சாசன நீதிமன்றமும் பட்வாக்களை வெளியேற்றியது தவறு என்று தீர்ப்பளித்துவிட்டது. நிலம் கைக்கு வர வேண்டும். நடனத்துக்குத் தரும் காசு அதற்கு ஈடாகாது.

பச்சைக்கிளை:
இருவருக்கும் நன்றி. போவது என்று முடிவு செய்துவிட்டோம். பட்வா வழிகாட்டியோடு நடக்கும் பயணம் என்று விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?

நடைவழி:
முன்பதிவுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள்: அழைத்துப் போகிறவர் யார், பணம் யார் கைக்குப் போகிறது, அதில் பட்வாக்களுக்கு எவ்வளவு? நேராகப் பதில் சொன்னால் போங்கள், மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். பை லேசாக இருந்தாலும் தூக்க ஒரு ஊர்க்காரரைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அன்று காலையில் மூக்கு ஒழுகினால் தயவுசெய்து மறைக்காதீர்கள். ஆளுக்கு மூன்று மாஸ்க்காவது எடுத்துப் போங்கள், ஏற்றத்தில் வேர்வையில் நனைந்துவிடும்.