தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை பாட்டிலை வாயில வாங்கவே மாட்டேங்குது – மூணு வாரத்துல வேலைக்குப் போகணும்

காலடிப்பேட்டை கயல்:

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு நாலு மாசம் முடியப்போகுது. பொறந்ததுலேர்ந்து நேரடியா தாய்ப்பால் மட்டும்தான். இன்னும் மூணு வாரத்துல பாரிமுனையில கடை வேலைக்குத் திரும்பணும். காலையில ஒன்பதரைக்குக் கிளம்பினா வீடு வந்து சேர ஆறரை ஆகும். பகல்ல மாமியார் பார்த்துப்பாங்க.

பாட்டில் குடுத்தா நிப்பிளைக் கடிக்கிறான், நாக்கால வெளியே தள்ளுறான், பால் கடைவாயில வழியுது, அப்புறம் ஒரே அழுகை. குடுக்கிறது முந்தின நாள் எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்ச பால். வெதுவெதுப்பாக்கினதும் லேசா சோப்பு வாடை வருது, கெட்டுப்போச்சோன்னு சந்தேகம். நிப்பிள் ரெண்டு பிராண்ட் மாத்திப் பார்த்தாச்சு. மாமியார் சங்குல குடுத்துடலாம்னு சொல்றாங்க, எனக்குப் புரையேறிடுமோன்னு பயம். வீட்டுல ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜ்தான், கரண்ட்டும் அப்பப்போ போகுது. ஒரு நாளைக்கு எவ்வளவு பால் எடுத்து வெக்கணும், எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்?

ராயபுரம் நர்ஸ்:

கயல், மூணு வாரம் தாராளம். ஆனா பிராண்டை மாத்திக்கிட்டே இருந்தா காரணம் பிடிபடாது. மறுக்கிறது பாலையா, நிப்பிளையா, குடுக்கிற விதத்தையா? ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்க.

முதல்ல பால். நீங்க சொல்ற சோப்பு வாடையை வெச்சுப் பார்த்தா எனக்கு முதல் சந்தேகம் அதுமேலதான். தாய்ப்பால்ல லைபேஸ்னு ஒரு நொதி இருக்கு, பால்ல உள்ள கொழுப்பை உடைக்கிறது அதோட வேலை. பாலை எடுத்து வெச்ச பிறகும் அந்த வேலை நடந்துக்கிட்டே இருக்கும். சில பேர் பால்ல அது வேகமா நடக்கும், அதனால சோப்பு மாதிரி வாடை வரும். பால் கெட்டுப்போகல, குடிச்சா ஒண்ணும் ஆகாது. ஆனா சுவை மாறிடும், சில குழந்தைங்க அதைத் தொடாது. கெட்ட பால்னா வாடை புளிப்பா இருக்கும், அது வேற.

இதைக் கண்டுபிடிக்க, இப்போதான் எடுத்த பாலை சூடு ஆறுறதுக்குள்ள குடுத்துப் பாருங்க. அதைக் குடிச்சா பாட்டில்மேல தப்பில்லை. அப்புறம் ஒரு கிண்ணத்துல கொஞ்சம் எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சு 6 மணி, 12 மணி, 24 மணி நேரத்துல மோந்து பாருங்க. 12 மணி நேரத்துக்கு அப்புறம்தான் வாடைன்னா, அதுக்குள்ள குடிக்கிற மாதிரி திட்டம் போட்டாப் போதும். சீக்கிரமே வந்தா, எடுத்த உடனே சின்ன ஸ்டீல் பாத்திரத்துல ஊத்தி மிதமான தீயில வெச்சு, ஓரத்துல சின்னச் சின்னக் குமிழி வந்ததும் இறக்கிடுங்க. பொங்க விடக்கூடாது. பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணியில நிறுத்தி ஆற வெச்சு மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க. சூடு பட்டா நொதி செயலிழந்துடும். பால்ல இருக்கிற நல்லதும் கொஞ்சம் குறையும்தான், அதனால தேவைப்படுறவங்க மட்டும் செஞ்சாப் போதும். வாடை வந்த பிறகு காய்ச்சினா வாடை போகாது.

அடுத்து நிப்பிள். மிக மெதுவா வடியற அளவுதான் வேணும். 'ஸ்லோ'ன்னு அட்டையில போட்டிருந்தாலும் பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்க: சொட்டுச் சொட்டா விழணும், தாரையா ஊத்தக்கூடாது. கடைவாயில வழியுதுன்னா வேகம் அதிகமா இருக்க வாய்ப்பு நிறைய. ஊசியைச் சுட்டு ஓட்டையைப் பெருசாக்குற பழக்கம் நம்ம பக்கம் இன்னும் இருக்கு. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. புரையேறும், ரப்பர் கிழிஞ்சு துணுக்கு தொண்டைக்குப் போகலாம். பாட்டில் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு பாருங்க.

குடுக்கிற நேரமும் முக்கியம். நல்லாப் பசிச்சு அழும்போது புதுசா ஒண்ணை வாயில திணிச்சா எந்தக் குழந்தையும் கத்தும். தாய்ப்பால் குடிச்சு ஒரு ஒன்றரை மணி நேரம் கழிச்சு, தூங்கி எழுந்து முகம் தெளிவா இருக்கும்போது 15 முதல் 30 மில்லி வரைக்கும் ஆரம்பிங்க. குடுக்கிறது மாமியார். நீங்க அடுத்த ரூம்ல இல்ல, முடிஞ்சா மொட்டை மாடியிலயோ தெருவுலயோ இருங்க. உங்க வாசனை பட்டா அவன் மார்பைத்தான் தேடுவான்.

மல்லாக்கப் படுக்க வெச்சுக் குடுக்க வேணாம். மடியில நிமிர்ந்தாப்ல உட்கார வெச்சு, தலையையும் கழுத்தையும் தாங்கிக்கிட்டு, நிப்பிளால மேலுதட்டை லேசா வருடணும். அவனா வாயை அகலமாத் திறக்கிற வரைக்கும் காத்திருந்து, நிப்பிளோட அகலமான பகுதி வரைக்கும் வாய்க்குள்ள போக விடணும். நுனியை மட்டும் வெச்சாத்தான் கடிப்பான். பாட்டில் தரைக்கு இணையாப் படுத்த மாதிரி இருக்கணும். கொஞ்சம் உறிஞ்சினதும் பாட்டிலோட அடிப்பக்கத்தைத் தாழ்த்தி, நிப்பிள்லேர்ந்து பாலைப் பின்னாடி இறக்கி ஒரு மூச்சு விட வைங்க. பாதி குடிச்சதும் இன்னொரு பக்கமா மாத்தி உட்கார வைங்க. முழு வேளைக்கு 15 முதல் 20 நிமிஷம் ஆகணும். அஞ்சே நிமிஷத்துல காலியானா பெருமைப்பட வேணாம். வேகத்துக்குப் பழகிட்டா அப்புறம் மார்புல பொறுமை இல்லாம இழுத்து அழுவான்.

தலையைத் திருப்பினா, முதுகை வளைச்சா, அழ ஆரம்பிச்சா நிறுத்திடுங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம், அவ்வளவுதான். அழுகை அடங்கின பிறகு தாய்ப்பால் குடுங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு வாயில அழுத்தினா பாட்டிலைக் கண்டாலே பயம் வந்துடும், அதைச் சரி பண்றது ரொம்பக் கஷ்டம். முதல் மூணு மாசம் உறிஞ்சுறது தானா வர்ற அனிச்சைச் செயல். இப்போ அவன் வேணும்னா உறிஞ்சுவான், வேணாம்னா மாட்டான். அதனால நாள் பிடிக்கும்.

தண்டையார்பேட்டை மல்லிகா:

நர்ஸ் சொன்னது எல்லாம் சரி. நான் சங்கு விஷயத்துக்கு மட்டும் வரேன், ஏன்னா உன் மாமியார் சொல்றதுல பாதி ரொம்பச் சரி கயலு.

பாட்டில் குடிச்சே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல. நம்ம நாட்டுல குழந்தை டாக்டருங்க பாட்டிலை விட பாலாடை (சங்குதான்), சின்னக் கிண்ணம், ஸ்பூனைத்தான் சொல்றாங்க. பாட்டில் விளம்பரத்தையே 1992 சட்டம் தடை பண்ணியிருக்கு. காரணம் சுத்தம். நிப்பிள் உள்பக்கம், வளையத்தோட மரை, இதுலெல்லாம் பால் தங்கிக் கிருமி வளரும். சங்கு திறந்த பாத்திரம், தேய்ச்சுக் கொதிக்க வெச்சா முடிஞ்சுது.

தப்பு எங்க நடக்குதுன்னா, காலை நீட்டி அதுல குழந்தையை மல்லாத்தி, மூக்கைப் பிடிச்சு, அழுற வாயில ஊத்துறாங்க பாரு, அங்கதான். அது கூடவே கூடாது. அழும்போது மூச்சுக்குழாய் திறந்திருக்கும், பால் நுரையீரலுக்குப் போயிடும். உன் பயம் அதைப் பத்தின்னா நியாயமான பயம்.

சரியான முறை இது. குழந்தை முழிச்சிருக்கணும், அழக்கூடாது. கைரெண்டும் துணியில லேசாச் சுத்தி, இடது கையில நிமிர்ந்தாப்ல சாய்ச்சுப் பிடிக்கணும். சங்கு முக்கால்வாசிக்கு மேல நிரப்பாதீங்க. சங்கோட மூக்கு நுனியைக் கீழுதட்டுல, கடைவாய் ஓரமா வெச்சு, பால் உதட்டைத் தொடுற அளவுக்குச் சாய்ச்சு நிறுத்தணும். அவன் நாக்கை நீட்டி நக்குவான், இல்ல உறிஞ்சுவான். முழுங்கினது தெரிஞ்ச பிறகுதான் அடுத்த சாய்ப்பு. நடுநடுவுல சங்கை எடுக்காம உதட்டுலயே வெச்சிருக்கலாம், பால் மட்டும் பின்வாங்கணும். நாலு மாசப் பிள்ளைக்குச் சின்ன எவர்சில்வர் டம்ளரும் இதே மாதிரிதான், விளிம்பு கீழுதட்டுல உட்காரணும், வாய்க்குள்ள போகக்கூடாது.

முதல் ரெண்டு மூணு நாள் கொஞ்சம் சிந்தும். கழுத்துல துண்டு கட்டு, சிந்தினதையும் மனசுல வெச்சு அளவு போடு. 60 மில்லிக்கு இருபது நிமிஷம் ஆகும், அவசரப்படாதீங்கன்னு மாமியார்கிட்ட சொல்லு. மூணு வாரத்துல ரெண்டையும் பழக்க நினைக்காதே. ஒரு வாரம் பாட்டில் பாரு, சரிவரலன்னா சங்குக்கு மாறிடு, அதுல தோத்துப் போனதா நினைக்காதே.

மூலக்கடை சுந்தரி:

அளவும் சேமிப்பும் நான் சொல்றேன்.

ஒரு மாசத்துலேர்ந்து ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் குழந்தை ஒரு நாளைக்கு சுமார் 750 மில்லி குடிக்கும். மணிக்கு 25 முதல் 30 மில்லின்னு கணக்கு வெச்சா, உங்க 9 மணி நேரத்துக்கு 225 முதல் 270 மில்லி. மாவுப்பால் மாதிரி மாசத்துக்கு மாசம் கூட்டிக்கிட்டே போகத் தேவையில்ல. 60 மில்லியா நாலு பாத்திரம், கூட ஒரு 30 மில்லி எக்ஸ்ட்ரா. சின்னச் சின்னதா வெச்சாத்தான் வீணாகாது, குடிச்சு மிச்சம் வெச்ச பாலை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெக்கக்கூடாது.

வெளியில 25 டிகிரி வரைக்கும் நாலு மணி நேரம்னு புத்தகத்துல இருக்கும். மூலக்கடையில மே மாசம் சமையல்கட்டு 25 டிகிரியிலயா இருக்கு? அந்தக் கணக்கை மறந்துட்டு, எடுத்த உடனே ஃப்ரிட்ஜ்ல வைங்க. நல்லாக் குளிர்ற ஃப்ரிட்ஜ்ல நாலு நாள், ஆனா கதவுத் தட்டுல இல்ல, பின்சுவரை ஒட்டி. ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜோட ஐஸ் பெட்டிக்கு ரெண்டு வாரக் கணக்குதான், ஆறு மாசக் கணக்கு தனிக்கதவு ஃப்ரீசருக்கு. உருகின பாலை 24 மணி நேரத்துக்குள்ள தீர்க்கணும், மறுபடி உறைய வெக்கக்கூடாது. புதுசா எடுத்ததை ஆற வெச்ச பிறகுதான் பழைய குளிர்ந்த பாலோட சேர்க்கணும். தேதி, நேரம் எழுதி ஒட்டுங்க.

கரண்ட் போனா கதவைத் திறக்காதீங்க, சுமார் நாலு மணி நேரம் குளிர் தாங்கும். ஐஸ் பெட்டியில எப்பவும் ரெண்டு தண்ணி பாட்டிலை உறைய வெச்சிருங்க. நீண்ட நேரம் போகும்னு தெரிஞ்சா பால் பாத்திரங்களையும் அந்தப் பாட்டில்களையும் தெர்மாகோல் பெட்டியில மூடி வெச்சுடலாம். இதே பெட்டிதான் வேலைக்கும். ஐஸ் பேக் ஒட்டி வெச்சா 24 மணி நேரம் வரைக்கும் தாங்கும், மெட்ரோவுல உயர்நீதிமன்றம் ஸ்டேஷன்லேர்ந்து காலடிப்பேட்டை வர்றது ஒண்ணுமே இல்ல.

வேலையில மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்கணும், இல்லன்னா மார் கட்டிக்கும், சுரப்பும் குறையும். பம்ப் இல்லாட்டியும் கையால எடுக்கலாம்: கட்டைவிரல் மேல, ரெண்டு விரல் கீழ, காம்புலேர்ந்து ரெண்டு மூணு சென்டிமீட்டர் தள்ளி. முதல்ல நெஞ்சுப் பக்கமா உள்ளே அழுத்தி, அப்புறம் விரல்களைச் சேர்த்து அமுக்கணும். தோலைத் தேய்ச்சு இழுத்தா வலிதான் மிச்சம். விரலை வட்டமா மாத்தி மாத்தி வைங்க. குழந்தைக்குப் 15 மாசம் ஆகுற வரைக்கும் தினமும் ரெண்டு பாலூட்டும் இடைவேளை மகப்பேறுச் சலுகை விதிகள்ல இருக்கு. 26 வாரச் சம்பள லீவும் 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற கடைகளுக்குப் பொருந்தும். உங்க கடையில எத்தனை பேருன்னு எண்ணிப் பார்த்துட்டுக் கேளுங்க.

பாத்திரம் எதுவானாலும் பால் காயறதுக்குள்ள குளிர்ந்த தண்ணியில அலசி, சோப்பும் தனி பிரஷும் போட்டுக் கழுவி, மூழ்குற அளவு தண்ணியில தளதளன்னு கொதிச்ச பிறகு அஞ்சு நிமிஷம். போர் தண்ணின்னா வெள்ளையாப் படியும், கேன் தண்ணியில கொதிக்க வைங்க. குடுக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ் பாலைச் சூடாக்க வெந்நீர்க் கிண்ணத்துல நிறுத்தினாப் போதும், நேரா அடுப்புல வேணாம். மைக்ரோவேவ் வேண்டவே வேணாம், ஒரே சீராச் சூடாகாம அங்கங்க கொதிச்சு வாய் வெந்துடும். மேல திரண்ட கொழுப்பு கலக்கிறதுக்கு மெல்லச் சுழற்றணும்.

காலடிப்பேட்டை கயல்:

ரொம்ப நன்றி. நேத்து அப்போ எடுத்த பாலை 20 மில்லி குடிச்சான், அப்போ வாடைதான் காரணம்போல. இன்னும் ரெண்டு சந்தேகம். நிப்பிள்ல தேன் தடவினா பிடிச்சுப்பான்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. அப்புறம், பகல் முழுக்க 80, 100 மில்லிதான் குடிச்சான்னா பசும்பால்ல தண்ணி கலந்து குடுக்கலாமா?

ராயபுரம் நர்ஸ்:

தேன் ஒரு வயசு வரைக்கும் ஒரு துளிகூட வேணாம். அதுல இருக்கக்கூடிய கிருமி விதைகள் குழந்தை குடல்ல விஷத்தை உண்டாக்கி தசைகளைத் தளர வெச்சுடும், உயிருக்கே ஆபத்து. தாய்ப்பாலையே நாலு சொட்டு நிப்பிள்ல தடவுங்க.

பசும்பாலும் வேணாம், தண்ணி, சர்க்கரைத் தண்ணி, கிரைப் வாட்டரும் வேணாம். பகல்ல கம்மியாக் குடிச்சுட்டு நீங்க வந்த பிறகு சாயங்காலம், ராத்திரி, விடியற்காலைன்னு சேர்த்துக் குடிக்கிற குழந்தைங்க நிறைய. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை, திரும்பின உடனே ஒரு தடவைன்னு நேரடியாக் குடுங்க. வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரத்துல மாமியார் எதுவும் குடுக்க வேணாம்னு சொல்லி வைங்க, பசியோட இருந்தாத்தான் நல்லாக் குடிப்பான். ராத்திரி தூக்கம் கெடும், அதுக்கு மட்டும் தயாராகிக்குங்க.

மில்லியை விட மூத்திரத்தை எண்ணுங்க. 24 மணி நேரத்துல ஆறு தடவைக்கு மேல, வெளிர் நிறத்துல போனாப் போதுமான பால் போகுது. எடையையும் பார்த்துக்குங்க. மூத்திரம் குறைஞ்சு அடர் மஞ்சளா வந்தா, வாய் வறண்டா, உச்சிக்குழி உள்வாங்கினா, எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தா பாட்டிலா சங்கான்னு யோசிக்காம உடனே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துல இருக்கிற குழந்தை டாக்டர்கிட்டயோ தூக்கிட்டுப் போங்க. வண்டி கிடைக்கலன்னா 108.