போலீஸ் தொடர்: எட்டாங்கிளாஸ் பிள்ளையோட உக்காந்து பாக்கலாமா?

பேட்டைக்காரன்:
ஓடிடில வாற போலீஸ் தொடர்களைப் பத்திதான் கேள்வி. எந்தத் தொடர்னு பேர் போடல. போட்டா ரசிகர் சண்டையில போய் முடியும். நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக் கதை, நம்ம பக்கத்துப் பேச்சு, எட்டு எபிசோடு, ஒண்ணொண்ணும் முக்கால் மணி நேரம். ஆரம்பத்துல மூலையில யு/ஏ 16+, ‘வன்முறை, தகாத வார்த்தை’ன்னு வருது. பதிமூணு வயசுப் பிள்ளைக்குக் காட்டலாமா, கூடாதா? “அவங்கவங்க வளர்ப்பு”ங்கிற பதில் மட்டும் வேண்டாம்.

சமாதானபுரம் வக்கீல்:
கூடாது. காரணம் சட்டத்திலேயே இருக்கு. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்படி ஓடிடி படைப்புகளுக்கு யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று ஐந்து தரம். திரையரங்கப் படத்துக்குத் தணிக்கை வாரியம் சான்று கொடுக்கிறது. ஓடிடி தொடருக்கு அது கிடையாது, வெளியிடுகிற நிறுவனமே தரம் போட்டுக்கொள்கிறது. ஆள் சேர்ந்தால் லாபம் என்று இருக்கிறவனே ‘16’ என்று எழுதுகிறான் என்றால், உள்ளே இருப்பது அதற்குக் குறைவாக இருக்க வாய்ப்பே இல்லை. நாம் எதற்கு 13-க்குப் பேரம் பேச வேண்டும்?

ரதவீதி ரவுண்டு:
வக்கீல் அண்ணாச்சி, அதே விதியில அடுத்த பாதியை விட்டுட்டீங்களே. யு/ஏ 16+ன்னா பதினாறுக்குக் கீழ உள்ளவங்க பாக்கவே கூடாதுன்னு இல்ல. பெத்தவங்க வழிகாட்டலோட பாக்கலாம்னுதான் இருக்கு. கதவை மொத்தமா சாத்துறது ‘ஏ’ மட்டும்தான். இன்னொண்ணு, தரம் போடப் பாக்குறது கருப்பொருள், வன்முறை, நிர்வாணம், பாலுறவு, மொழி, போதைப்பொருள், திகில். குண்டுவெடிப்பும் வன்முறை, ஸ்டேஷன்ல லத்தியால அடிக்கிறதும் வன்முறை. ரெண்டும் பிள்ளைக்கு ஒண்ணா? எண்ணை மட்டும் பாத்துட்டு முடிவு எடுத்தா, 13+ போட்ட ஒரு தொடரை யோசிக்காமக் காட்டிருவோம். அதுலதான் ஆபத்து.

பாளை டீச்சர்:
ரவுண்டு தம்பி சொன்ன கடைசி வரிதான் விஷயம். நான் ‘கூடாது’ கட்சிதான், ஆனால் வக்கீல் சார் சொல்கிற காரணத்துக்காக இல்லை.

ஏழு வயதுக்குள் இருக்கிற பிள்ளை தோற்றத்துக்குப் பயப்படும்: முகமூடி, கத்தல், இருட்டு. “இது நடிப்பு” என்று சொன்னாலும் அதற்கு உதவாது. எட்டு ஒன்பது வயதுக்கு மேல் பயம் இடம் மாறுகிறது. நிஜத்தில் நடக்கக்கூடியதுதான் உறுத்தும். ஆகவே பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பேய் பாதிப்பதை விட, டியூஷன் முடிந்து வரும்போது காணாமல் போகிற பிள்ளை பாதிக்கும். இந்தத் தொடர்களில் பாதிக்கு மேல் அதுதானே கதை? எவ்வளவு ரத்தம் என்று பார்க்காதீர்கள், பாதிக்கப்படுகிறவருக்கு என்ன வயது என்று பாருங்கள். பார்க்கிற பிள்ளையின் வயதும் அதுவும் ஒன்றாக இருந்தால் தள்ளி வையுங்கள்.

அடுத்தது, யாருக்குப் பின்னணி இசை கொடுக்கிறார்கள் என்பது. வில்லன் அடிக்கும்போது ஒப்பாரி மாதிரி ஒரு இசை, இன்ஸ்பெக்டர் லாக்கப்பில் அடிக்கும்போது மேளமும் ஸ்லோமோஷனும். முதல் காட்சியில் பிள்ளை முகம் சுளிக்கும், இரண்டாவதில் கைதட்டும்.

மூன்றாவதாக நம் ஊர் விஷயம். இந்தத் தொடர்களில் “ஏலே, என்னலே” என்று பேசுகிறவன் கையில் எப்போதும் அரிவாள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி பொதுத் தமிழில் நியாயம் பேசுவார். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளிப் பையன்களே சக மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது அதில் ஒன்று. கேமரா அந்தக் கயிறை நெருக்கத்தில் காட்டி, அரிவாள் ஓங்கும்போது மேளமும் அடித்தால், எட்டாம் வகுப்புப் பையன் எந்தப் பக்கம் நிற்பான்?

கொடைக்குப் போறவன்:
டீச்சர் சொல்றது கொஞ்சம் அதிகப்படி. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுல நடுராத்திரி சாமியாடி மயானத்துக்குப் போறதையும், கிடா வெட்டுறதையும் பாத்துட்டு வாற பிள்ளைக்குத் திரையில சிவப்புச் சாயம் என்னவே பண்ணப் போகுது? அந்தத் தொடர்ல கொடையைத் திகில் மாதிரி எடுத்து வச்சிருக்கான். நம்ம பிள்ளைய அதைப் பாத்துச் சிரிக்கும். சென்னைப் பிள்ளைக்கு வச்ச அளவு நம்ம பிள்ளைக்குப் பொருந்தாது.

பாளை டீச்சர்:
கொடையில் பிள்ளை தனியாகப் பார்க்கவில்லை. தாத்தா பக்கத்தில் நிற்கிறார், எதற்கு இது என்று கேட்டால் பதில் இருக்கிறது, மறுநாள் காலையில் படைப்புச் சோறும் இருக்கிறது. விசாரணை அறைக் காட்சியில் முகத்துக்கு நேரே கேமரா நான்கு நிமிடம் நகராமல் நிற்கும். கண்ணை மூடினாலும் சத்தம் கேட்கும். காட்சியை விட அந்தச் சத்தம்தான் ராத்திரி தூக்கத்தில் வரும்.

சமாதானபுரம் வக்கீல்:
லாக்கப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். பயத்தை விட எனக்குப் பெரிய கவலை, பிள்ளை தப்பான சட்டத்தைக் கற்றுக்கொள்வது. தொடரில் மூன்று நாள் வைத்து அடித்து, “ஒத்துக்கிட்டான்” என்று கேஸை முடிப்பார்கள். நிஜத்தில் கைது செய்தால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது; அதன் மூலம் ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். 18 வயதுக்குக் கீழே உள்ளவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது என்று 2015 இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது.

பாதிக்கப்பட்ட பிள்ளை விஷயம் இன்னும் மோசம். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் பிரிவு 24-ன்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அது விரும்புகிற இடத்திலோதான் பதிய வேண்டும். கூடிய மட்டும் பெண் அதிகாரி, எஸ்.ஐ. தரத்துக்குக் குறையாமல். யூனிஃபார்ம் கூடாது. ராத்திரியில் ஸ்டேஷனில் வைக்கவே கூடாது. தொடரில் என்ன காட்டுகிறார்கள்? ஸ்டேஷன் பெஞ்சில் பிள்ளை, எதிரே காக்கியில் நான்கு பேர், மேஜையில் லத்தி. நாளைக்கு நிஜமாக ஒன்று நடந்தால் அந்தப் பிள்ளை வாயைத் திறக்குமா? சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த செய்தி இந்த வட்டாரத்தில் எல்லா வீட்டு டிவியிலும் ஓடியது. அதற்குப் பிறகும் லாக்கப் அடியை ஹீரோயிசமாக எடுக்கிறார்கள்.

ரதவீதி ரவுண்டு:
இவ்வளவு தெரிஞ்ச நீங்க பக்கத்துல உக்காந்து, அந்த இடத்துல நிறுத்தி, இதையே பிள்ளைகிட்ட சொன்னா என்ன? அதுக்குத்தானே ‘வழிகாட்டல்’னு போட்டிருக்கான். மறைச்சா அது போன்ல துண்டு துண்டாப் பாக்கும். அடிக்கிற சீன்தான் ரீல்ஸ்ல முதல்ல வரும், முன்னும் இல்லாம பின்னும் இல்லாம. அது முழுசாப் பாக்குறதை விடக் கேடு.

கேபிள் அண்ணாச்சி:
விவாதம் இருக்கட்டும், பூட்டு பத்தி யாரும் பேசலையே. 13+, அதுக்கு மேல உள்ளதுக்கெல்லாம் பேரன்ட்டல் லாக் வசதி கொடுத்தே ஆகணும்னு அதே விதியில இருக்குல்லா. கொடுத்திருக்காவ. நாமதான் போடுறதில்ல. போட்டாலும் தப்பாப் போடுதோம்.

நெட்ஃபிளிக்ஸ்ல பிள்ளை புரொஃபைலுக்கு வயசு வரம்பு வச்சுட்டு நிம்மதியா இருக்காவ. பிள்ளை பக்கத்துல உள்ள அப்பா புரொஃபைலைத் தொட்டு உள்ள போயிரும். பூட்ட வேண்டியது பெரியவங்க புரொஃபைலை, நாலு இலக்கப் பின் நம்பர் போட்டு. பின்னுக்கு வண்டி நம்பரை வைக்காதிய. வரம்புக்குள்ள வாற தொடராவே இருந்தாலும் ஒரு பேரை மட்டும் தடுக்கணும்னா, பேரன்ட்டல் கண்ட்ரோல்ல போய் அந்தப் பேரைத் தட்டிச் சேக்கலாம். அடுத்த எபிசோடு தானா ஓடுறதையும் புரொஃபைல் வாரியா அணைச்சு வைங்க. ஒண்ணு பாத்துட்டு எந்திரின்னு சொல்லுததுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சிருது, ஆரம்பத்துலயே பிணத்தைக் காட்டிருதான்.

பிரைம்ல பின் அஞ்சு இலக்கம். கட்டுப்பாடு எந்தெந்த சாதனத்துக்குன்னு ஒரு பட்டியல் கேக்கும். டிவியை டிக் பண்ணாம விட்டா போன்ல மட்டும் பூட்டு, ஹால்ல திறந்த வீடு. முடிச்சதும் டிவியில அந்தத் தொடரைப் போட்டுப் பாருங்க. பின் கேக்கலைன்னா பூட்டு விழல.

சாதா சேனல்ல வாற போலீஸ் சீரியலுக்கு ஓடிடி மாதிரி வயசுத் தரம் கிடையாது. பிள்ளைய அதிகம் பாக்குற நேரத்துல பிள்ளைக்கு ஆகாததைப் போடக்கூடாதுன்னு கேபிள் விதி 6-ல ஒரு வரி இருக்கு, அவ்வளவுதாம். செட்டாப் பாக்ஸ்ல சேனல் லாக் இருக்கு. ஆனா வரும்போதே உள்ள பின் பெரும்பாலும் 0000, இல்லன்னா 1234. அதை மாத்தாமப் பூட்டி என்னத்துக்கு?

கொடைக்குப் போறவன்:
அண்ணாச்சி, இம்புட்டையும் செஞ்சு முடிக்கதுக்குள்ள சீசன் ரெண்டு வந்துரும்.

பாளை டீச்சர்:
ரவுண்டு தம்பிக்கு: பக்கத்தில் உட்கார்வது சரிதான், ஆனால் முன்கூட்டிப் பார்க்காமல் உட்கார்ந்தால் நிறுத்துவதற்குள் காட்சி போய்விடும். எட்டு எபிசோடையும் பார்க்க நேரம் இல்லையென்றால், ஒவ்வொன்றிலும் டைட்டிலுக்கு முந்தின காட்சியையும் கடைசிப் பத்து நிமிடத்தையும் பாருங்கள். குற்றமும் அடியும் பெரும்பாலும் அங்கேதான். காது கேளாதோருக்கான சப்டைட்டில் இருந்தால் போட்டு ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள். அலறல், அடிச் சத்தம் எல்லாம் அடைப்புக்குறிக்குள் எழுத்தாக வரும். அந்த நிமிடங்களைக் குறித்து வையுங்கள். தற்கொலை செய்யும் முறையைக் காட்டுகிற எபிசோடு இருந்தால் அதை மொத்தமாகத் தாண்டுங்கள், கதை அறுந்தாலும் பரவாயில்லை. தாண்டின இடத்தில் என்ன நடந்தது என்பதை வாயால் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அது தேடிப் பார்க்கும்.

இவ்வளவு செய்தால் பதின்மூன்றுக்குச் சரி என்பீர்கள். ஸ்டேஷனில் பிள்ளையை உட்கார்த்தி வைத்து விசாரிக்கிற தொடருக்கு நான் இன்னும் சம்மதிக்க மாட்டேன்.

ரதவீதி ரவுண்டு:
அந்த ஒரு வகைக்கு நானும் வாதாட வரல டீச்சர். திருட்டு, நிலமோசடி, சைபர் கிரைம்னு போற தொடரும் இருக்கு, அதுலயும் 16+ போட்டிருக்கான். அதெல்லாம் கெட்ட வார்த்தைக்காக. நம்ம பஸ் ஸ்டாண்டுல அஞ்சு நிமிஷம் நின்னா கேக்காத வார்த்தையா அது?

சமாதானபுரம் வக்கீல்:
பஸ் ஸ்டாண்டில் கேட்பதற்கு நாம் சந்தா கட்டவில்லை. தரம் தப்பு என்று நினைத்தால் அந்த ஓடிடியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். எபிசோடு எண், நிமிடம், எந்த அம்சம் என்று மூன்றையும் போடுங்கள். “என் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை” என்று மட்டும் எழுதினால் எல்லோருக்கும் அனுப்புகிற ஒரே பதில்தான் வரும்.

பேட்டைக்காரன்:
முதல் எபிசோடும் கடைசி எபிசோடும் இன்னைக்கு ராத்திரி ஓட்டிப் பாக்குதேன். கேபிள் அண்ணாச்சி, பிரைம் பட்டியல்ல பழைய டிவி பேரும் கிடக்கே, அதையும் டிக் பண்ணணுமா?

கேபிள் அண்ணாச்சி:
வித்த டிவின்னா டிக் வேண்டாம், பட்டியல்ல இருந்தே எடுத்துருங்க. இல்லன்னா வாங்குனவன் வீட்டுல உங்க கணக்கு ஓடிக்கிட்டு கெடக்கும்.