ஜெப வாழ்வில் துணைநிற்க ஓர் ஆன்ம வழிகாட்டி தேவை

இயேசுவுக்கே புகழ்! கிருஷ்ணகிரியில் இருக்கிறேன், மாங்கூழ் ஆலையில் ஷிஃப்ட் வேலை. ஜெபமாலை, ஞாயிறு திருப்பலி எதையும் விடுவதில்லை. ஆனால் ஜெபம் அதோடு நின்றுவிடக் கூடாது என்று மனம் கிடந்து தவிக்கிறது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஆன்ம சோதனையை இரவில் செய்கிறேன்: முதலில் நன்றி, பிறகு அன்றைய பொழுதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது. சூப்பர்வைசர் சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்தால் போதும், மனம் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. அதில் கடவுள் என்ன சொல்கிறார் என்று தனியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் வேறு, நான் தேடும் ஆன்ம வழிகாட்டுதல் வேறு. மாதம் ஒருமுறை பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்கிற ஒருவர் வேண்டும். குருவானவர்தான் என்றில்லை; கன்னியரோ, பயிற்சி பெற்ற பொதுநிலையினரோ (குருவோ துறவியோ அல்லாத விசுவாசிகள்) இருந்தாலும் சரி. தர்மபுரி மறைமாவட்டத்துக்குள் எங்கே என்றாலும், ஓசூர் வரைக்கும்கூட, பஸ்ஸில் வந்துவிடுவேன். யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், முதல் சந்திப்புக்கு எப்படித் தயாராகிப் போவது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள்.