மூலநிரலிலிருந்து நிறுவிய மட்: ஐமேப் முகவரியைக் கொடுத்தால் "அப்படியொரு கோப்பு இல்லை" என்கிறது

வைகைக்கரை:
டெபியன் 12 லினக்ஸ் ஓடும் மடிக்கணினியில், முனையத்திலேயே மின்மடல் படிக்கும் நிரலான மட் 2.2 வரிசையின் மூலநிரலை இறக்கி, கான்ஃபிகர், மேக், சூடோ மேக் இன்ஸ்டால் என்று வரிசையாக ஓட்டினேன். எங்கும் பிழை இல்லை. மட்டின் அமைப்புக் கோப்பான மட்ஆர்சியில், உள்பெட்டி எங்கே என்று சொல்லும் ஸ்பூல்ஃபைல் என்ற இடத்தில் ஐமேப்ஸ் முகவரியைக் கொடுத்தேன். திறந்ததும் கடைசி வரியில் அதே முகவரியைக் காட்டி, "அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை (எர்நோ = 2)" என்கிறது. அதே கணக்கு கைப்பேசியில் ஒழுங்காக வேலை செய்கிறது. கடவுச்சொல்லை நான்கைந்து தடவை சரிபார்த்துவிட்டேன். இன்னொன்று: பழைய மடல்களின் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன.

முனையப்பித்தன்:
கடவுச்சொல்லை விடுங்கள் நண்பரே, அதைக் கேட்கும் கட்டத்துக்கே மட் போகவில்லை. நீங்கள் கொடுத்த முகவரியை வட்டில் உள்ள ஒரு கோப்பின் பெயர் என்று நினைத்துத் தேடியிருக்கிறது. ஐமேப், அதாவது சேவையகத்திலுள்ள மடல்களைப் படிக்கும் நெறிமுறை, அதற்கான நிரல் உள்ளே இல்லாத மட் அப்படித்தான் செய்யும். 'மட் -வி' என்று தட்டுங்கள். தொகுப்பு விருப்பங்கள் (கம்பைல் ஆப்ஷன்ஸ்) என்ற பகுதியில் கூட்டல் குறி இருந்தால் அந்த வசதி உண்டு, கழித்தல் குறி என்றால் இல்லை. ஐமேப், எஸ்எஸ்எல் (இணைப்பை மறையாக்குவது), எஸ்எம்டிபி (மடல் அனுப்புவது) மூன்றுக்கும் என்ன வருகிறது?

வைகைக்கரை:
மூன்றுக்கும் கழித்தல். ஆனால் கான்ஃபிகர் ஒரு வார்த்தைகூட முணுமுணுக்கவில்லையே!

முனையப்பித்தன்:
கேட்காததை அது தராது. தராததைச் சொல்லவும் சொல்லாது. முதலில் லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ், லிப்சாசல்2-டெவ் ஆகியவற்றை ஆப்ட் மூலம் நிறுவுங்கள். டெவ் என்று முடிபவைதான் வேண்டும். மூலநிரலைத் தொகுக்க வேண்டிய தலைப்புக் கோப்புகள் (ஹெடர்) அவற்றில்தான் இருக்கின்றன. பிறகு மேக் கிளீன் போட்டுவிட்டு:

./கான்ஃபிகர் --எனேபிள்-ஐமேப் --எனேபிள்-எஸ்எம்டிபி --வித்-எஸ்எஸ்எல் --வித்-சாசல்

எஸ்எஸ்எல் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டு, நூலகம் கிடைக்காவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். அப்போது கான்ஃபிக்.லாக் கோப்பின் கடைசிப் பக்கத்தை விட்டுவிட்டு நடுவில் தேடுங்கள். கடைசியில் மாறிகளின் பட்டியல்தான் நீளமாகக் கிடக்கும். எஸ்எஸ்எல்லை மறந்து ஐமேப்பை மட்டும் சேர்த்தால், "எஸ்எஸ்எல் கிடைக்கவில்லை" என்று அடுத்த புகார் வரும்.

கேள்விக்குறிகளுக்குக் காரணம் வேறு. மொழி, எழுத்துக் குறியீட்டு அமைப்பைக் காட்டும் 'லொகேல்' கட்டளையைத் தட்டினால் 'சி' அல்லது 'பாசிக்ஸ்' என்று வருகிறதா? அப்படியானால் டிபிகேஜி-ரீகான்ஃபிகர் மூலம் யூடிஎஃப்-8 கொண்ட ஒரு லொகேலை உருவாக்கி, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். மட்ஆர்சியில் சார்செட் என்று எதையும் எழுதி வைக்காதீர்கள். சுற்றுச்சூழலிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும்.

கறுப்புத்திரை:
ஒரே வரியில் 'ஆப்ட் இன்ஸ்டால் மட்' என்றால் இதெல்லாம் சேர்ந்தே வருகிறது. எதற்கு இந்தப் பாடு?

முனையப்பித்தன்:
அவர் தானே தொகுத்துப் பார்க்க விரும்புகிறார், பார்க்கட்டுமே. உங்கள் வழியிலும் ஒரு பயன் உண்டு: மூலத் தொகுப்புகளின் வரியை ஆப்ட் பட்டியலில் சேர்த்திருந்தால், 'ஆப்ட் பில்ட்-டெப் மட்' தேவையான டெவ் தொகுப்புகள் அத்தனையையும் கொண்டுவந்துவிடும்.

வைகைக்கரை:
மூன்றும் இப்போது கூட்டல். லொகேல் 'சி' என்றுதான் இருந்தது, மாற்றியதும் தமிழ் தெரிகிறது. கடவுச்சொல்லையும் கேட்கிறது, கொடுத்தால் உள்ளே விட மறுக்கிறது.

கறுப்புத்திரை:
ஜிமெயில் கணக்கா? தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே மாத இறுதியிலிருந்து வழக்கமான கடவுச்சொல் இதற்குச் செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி அதைக் கொடுங்கள். பதினாறு எழுத்துகள், இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். அதை மட்ஆர்சியில் எழுதினால் கோப்பின் அனுமதியை 600 (நீங்கள் மட்டும் படிக்க, எழுத) ஆக்கிவிடுங்கள்.

வைகைக்கரை:
மடல்கள் வந்துவிட்டன, இருவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் பாக்கி: 'கொ', 'போ' போன்ற எழுத்துகள் வரும் வரிகளில் வலப்பக்க நெடுவரிசைகள் நேராக நிற்கவில்லை.

முனையப்பித்தன்:
அது முனையத்தின் கோளாறு, மட் பொறுப்பில்லை. துணைக்கால், ஒற்றைக்கொம்பு இவற்றுக்கு எத்தனை கட்டம் ஒதுக்குவது என்பதில் முனையமும் சி நூலகமும் வேறு வேறு கணக்குப் போடுகின்றன. அதே மடலை வேறொரு முனையத்தில் திறந்து பார்த்து, எது எப்படிக் காட்டுகிறது என்று எழுதுங்கள்.