டெமோவுக்கு ‘மாதிரி’ பொருந்துமா? தனியாள் மெட்டல் பதிவுகளுக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். மெட்டல் இசைக்காரர்கள் நிறுவனம் வழியாக இல்லாமல் தாங்களே நாடாவில் சுற்றுக்கு விடும் பதிவுதான் டெமோ. அதற்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறேன். உங்களுக்கு வரக்கூடிய கேள்வி:

> டெமோவுக்கு ‘மாதிரி ஒலிப்பதிவு’ என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக ஒன்று எதற்கு?

நோர்ட் என்ற மெட்டல் இசை முயற்சி பற்றிய கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது நானும் இப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் பத்தியிலேயே இடித்துவிட்டது.

நோர்ட் டென்மார்க்கில் 1995இல் தொடங்கிய தனியாள் முயற்சி. பிளாக் மெட்டலின் இருட்டும் ஃபியூனரல் டூமின் ஆமை வேகமும் சேர்ந்த இசை. இரண்டும் மெட்டலின் கிளைகள்; ‘ஃபியூனரல்’ என்றால் இழவு. முதல் ஆல்பத்துக்கு முன்பே டோடன் (1998), கிராவன் (1999) என்று டெமோக்கள் வந்தன. 1998 முதல் 2002 வரையான பதிவுகள் பிறகு ஒரே தொகுப்பாகவும் வந்தன. ‘கிராவன்’ என்றால் டேனிஷ் மொழியில் புதைகுழி. இதை ‘மாதிரி’ என்று எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? மாதிரி என்றால் அசல் பின்னால் வர வேண்டும். துணிக்கடையில் மாதிரித் துண்டைக் காட்டுகிறார்கள் என்றால் உள்ளே முழுத் துணி இருக்கிறது. இங்கே உள்ளே எதுவும் இல்லை. அந்த நாடாதான் முழுத் துணி.

ஃபியூனரல் டூம் என்ற வகையே டெமோவில் பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். பின்லாந்தின் தெர்கொதான் 1991இல் வெளியிட்ட டெமோவையும் 1994இல் வந்த ஒரே ஆல்பத்தையும் வைத்துத்தான் இந்த வகையின் கதையைத் தொடங்குகிறார்கள். வேரைப் போய் ‘மாதிரி’ என்பதா?

‘முன்னோட்டம்’ சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்ட சொல். ‘வெள்ளோட்டம்’ எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் அதிலும் சோதனை என்ற வாடை இருக்கிறது. நான் முன்வைப்பது: கைப்பதிவு. கைப்பிரதி, கையெழுத்துப் பத்திரிகை போல. தானே கையால் செய்தது, கைமாறிப் போனது, இரண்டு பொருளும் வந்துவிடுகிறது.

அப்புறம், ஃபியூனரல் டூமுக்கு ‘ஒப்பாரி மெட்டல்’ என்று ஒரு மடலில் பார்த்தேன். வேண்டாம். ஒப்பாரியில் இறந்தவரை விளித்துப் பேசுகிறார்கள், சொல் கொட்டுகிறது, கூட ஆள் இருக்கிறது. இந்த இசையில் குரல் அடித்தொண்டை உறுமல், சொல்லே பிடிபடாது, யாரையும் விளிப்பதில்லை. இதன் உயிர் வேகத்தில், அதாவது வேகமின்மையில் இருக்கிறது. நிமிடத்துக்கு 40 தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை விநாடி. சிம்பலை அடித்தால் அது மெல்லத் தணிவதைக் கேட்கலாம். அது தணியத் தணிய நாடாவின் இரைச்சல் மேலே வரும். அப்புறம்தான் அடுத்த அடி. ‘நடை’ என்ற சொல் உள்ளே வர வேண்டும். ‘இழவுநடை மெட்டல்’ எப்படி? “என்ன இழவு நடை இது” என்று யாராவது திட்டினாலும் பொருள் கெடாது.

பிளாக் மெட்டலை மட்டும் தொட வேண்டாம். வெனம் குழு 1982இல் தன் ஆல்பத்துக்கு வைத்த பெயர்தான் பிறகு வகைப்பெயராக ஒட்டிக்கொண்டது. பெயரை மொழிபெயர்க்கத் தேவையில்லை. ‘கரு உலோகம்’ என்றால் சுரங்கத்துறை அறிக்கை மாதிரி இருக்கிறது.

*

வணக்கம்.

கைப்பதிவு கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது. நார்வே பிளாக் மெட்டல் குழுவான டார்க்த்ரோனின் 1994 ஆல்பம் ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’. எல்லாக் கருவியையும் குழுவின் ஃபென்ரிஸ் ஒருவரே வாசித்து, நான்கு தட நாடாக் கருவியில் தானே பதிந்தது. உங்கள் வரையறைப்படி அது கைப்பதிவு. ஆனால் அது டெமோ இல்லையே. நிறுவனம் வெளியிட்ட ஆல்பம். நீங்கள் சொல்வது செய்த முறையை. டெமோ என்பது வெளிவந்த முறை. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டினால் நாளைக்கு அவிழ்க்க முடியாது.

நான்கு தடம் என்றதும் ஒரு கிளைக்கதை. தடம் என்பது நாடாவில் ஒரு ஒலியைத் தனியாகப் பதியும் வரி. டாஸ்கம் நிறுவனம் 1979இல் கொண்டுவந்த முதல் போர்ட்டாஸ்டூடியோ என்ற பதிவுக் கருவி சாதாரண கேசட்டையே பயன்படுத்தியது. ஆனால் இரு பக்கங்களுக்குமான நான்கு தடங்களையும் ஒரே திசையில் பதியும். நாடாவும் இருமடங்கு வேகத்தில் ஓடும். மூன்று தடம் நிரம்பியதும் அவற்றைக் கலந்து நான்காவதில் இறக்கிவிட்டு, மூன்றையும் மறுபடி பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் இரைச்சல் ஒரு படி ஏறும். தனியாளாக எல்லாம் வாசித்தவர்களின் பழைய பதிவுகளில் டிரம் எங்கோ கிணற்றுக்குள் இருப்பதுபோல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். முதலில் பதிந்தது அதிக முறை படியெடுக்கப்படுகிறது. அந்த நாடாவைச் சாதாரண பிளேயரில் போட்டால் பாதி வேகத்தில் ஓடும். வேகமான பிளாக் மெட்டலைப் போட்டால் இழவுநடை வெளியே வரும்!

தடத்திலிருந்து தடத்துக்கு இறக்குவதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘தடமிறக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

*

இருவருக்கும் வணக்கம். சுருக்கமாக இரண்டு.

ஒன்று, சாவு இசைக்குப் பழைய சொல் தேடினால் ‘நெய்தல்’ கிடைக்கிறது. “ஓரில் நெய்தல் கறங்க” என்று புறநானூறு 194இல் வருவது சாப்பறை. நெய்தல் திணையின் உரிப்பொருளும் இரங்கல். இவ்வளவு அழகாகப் பொருந்தியும் பயன்படுத்த முடியாது. ‘நெய்தல் மெட்டல்’ என்றால் எல்லோரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். இழவுநடையே இருக்கட்டும்.

இரண்டு, டெமோ. சிற்றிதழ் அட்டைகளில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அச்சடித்திருப்பார்களே. கடைக்குப் போகாதது, தெரிந்தவர் தெரிந்தவருக்கு அனுப்புவது, ஆனால் அரைகுறை இல்லை. அந்த இதழ்தான் அந்த இதழ். நீங்கள் தேடுவது இதுதானே? தனிச்சுற்றுப் பதிவு.

*

அக்கா, சிற்றிதழ்களைப் பக்கத்திலேயே அடுக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் பத்திரிகையைத் தேடிப் போயிருக்கிறேன். நன்றி.

‘பதிவு’ என்பதை வெட்டித் ‘தனிச்சுற்று’ என்று மட்டும் எழுதிப் பார்த்தேன். “நோர்ட்டின் இரண்டாம் தனிச்சுற்று” என்றால் டென்னிஸ் போட்டி போல் ஆகிறது. ஆகவே முழுதாகவே எழுதுகிறேன், நீளம் பரவாயில்லை. கைப்பதிவைக் கைவிடவில்லை, டார்க்த்ரோன் எடுத்துக்காட்டு சொன்னபடி அது செய்த முறைக்கு. ஒரே பதிவு இரண்டாகவும் இருக்கலாம், ஏதாவது ஒன்றாக மட்டும் இருக்கலாம். தடமிறக்கத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

கட்டுரையில் இப்போது இருக்கும் வரி: “1999இல் வந்த தனிச்சுற்றுப் பதிவான கிராவன், இழவுநடையைப் பிளாக் மெட்டலோடு பிணைக்கிறது.” ‘பிணைக்கிறது’ என்பதில் ஒரு பிணம் தானாக வந்து படுத்திருக்கிறது, அதை எடுக்கப்போவதில்லை. ‘தனிச்சுற்றுப் பதிவு’ என்பதற்கு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.